பேர் எழுதாத பை

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. இந்தப் பக்கம் ஓரமா. ஜன்னல்கிட்ட ஆள் இருக்கு. ஆள்னா ஆள் இல்லை, கத்திரிச் செடி. அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். சீட்டுல வச்சா ஆள் டிக்கெட், கீழ வச்சா லக்கேஜ்னு கண்டக்டர் சொன்னாரு. கீழ வைக்கிற பொருளாய்யா இதுன்னு கேட்டேன். அவரு சங்கரன்கோவில் ரெண்டுன்னு கிழிச்சுக் கொடுத்துட்டாரு.

இது துணிப்பை சார். தண்ணி ஊத்தினா நாலாப் பக்கமும் கசியும். அதான் நடுவுல பேப்பர் விரிச்சிருக்கேன். ஜிப்பாவைப் பாத்தீங்கள்ல, வெள்ளை வெளேர்னு இருக்கு. இன்னைக்கு இதுல ஒரு பொட்டு மண்ணு படக் கூடாது. என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். கோவிச்சுக்கிட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போய் இன்னையோட பதினாறு நாள் ஆச்சு. வரலைன்னுட்டா அவ்வளவுதான் என் பொழப்பு. எனக்குக் காப்பி கூடப் போடத் தெரியாது.

என்னைத் தெரியுதா உங்களுக்கு? நல்லாப் பாருங்க. கண்ணாடியைக் கழட்டுறேன், இப்ப? சரி, பரவாயில்லை. நீங்க கோயில் கொடைக்கெல்லாம் போற ஆள் இல்லை போல. சொல்மாரி கூத்தபெருமாள். பட்டிமன்றம். ராஜபாளையத்துல ஆட்டோக்காரங்ககிட்டக் கேட்டாக்கூட வீட்டுல கொண்டு வந்து விடுவாங்க. இருபத்தேழு வருஷமாப் பேசுறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மைக்கைப் பிடிச்சா நடுவர் மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போவாரு.

மேடைக்கு ஒரு பொன்னாடை போர்த்துவாங்கல்ல. அப்படிச் சேர்ந்தது இருநூத்திப் பதினாலு. எந்த ஊரு, என்ன தலைப்பு, யாரு போர்த்தினா, அத்தனையும் ஞாபகம் இருக்கு. சும்மா ஒரு நம்பர் சொல்லுங்களேன். சரி, நானே சொல்றேன். நூத்தி முப்பத்தொண்ணு. சிவகிரி. 'மருமகனுக்கு மதிப்பு மாமனார் வீட்டிலா, மச்சினன் வீட்டிலா?' மஞ்சள் கலர், ஓரத்துல சரிகை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லலை சார். எனக்குப் பெருமையே பிடிக்காது. அதை மேடையிலேயே சொல்லியிருக்கேன். பத்து நிமிஷம் கைதட்டு.

எல்லாப் பொன்னாடையும் பீரோவுல இருந்துச்சு. சங்கரவடிவோட சேலை கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்ல இருந்துச்சு. சங்கரவடிவுதான் என் சம்சாரம். வீட்டுலயே ஜாக்கெட் தைப்பா. அவ ஒருநாள் மாடித் தோட்டம் போடப் போறேன்னா. எங்க ஊர்ல மாடித் தோட்டக்காரங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க போய்ட்டு வந்து ஒரே பேச்சு. பிளாஸ்டிக் தொட்டியில வேர் முட்டி, உள்ளயே சுத்திச் சுத்தி வந்து நெருக்கிக்கிருமாம். துணிப்பையில அப்படி இல்லையாம். ஓரத்துக்கு வந்து காத்துப் பட்டதும் வேர் அங்கேயே நின்னுருமாம், பின்னால இருந்து புதுசு புதுசா வேர் விடுமாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மறுவாரமே கடையநல்லூர்ல கூட்டுக் குடும்பம் தலைப்புல இதை எடுத்து விட்டேன். அவ செடியைச் சொன்னா, நான் வாழ்க்கையைச் சொன்னேன்.

அப்புறம் பங்குனியில தொடர்ந்து நாலு ஊர் பட்டிமன்றம். முடிச்சுட்டு வாரேன், மாடியில ஏதோ தகதகன்னுது. கல்யாண மண்டபம் மாதிரி. ஏறிப் பாத்தா நாப்பது பை. எல்லாம் என் பொன்னாடை சார். வட்டமா வெட்டி, அடியில மட்டும் ரெட்டைத் துணி வச்சு, சரிகைக் கரையைக் கைப்பிடியாத் தச்சு, உள்ள செம்மண்ணு, நார்க்கழிவு, சாணி. என்னோட இருபத்தேழு வருஷத்துல சாணி.

கத்தினேன். அவ சொன்னா, "பீரோவுல கிடந்து அந்துப்பூச்சி திங்கறதுக்கு, நாலு காயாவது காய்க்கட்டுமே." பீரோவைத் திறந்தா அவ சேலை அடுக்கியிருக்கு. ரெண்டு நாள் சாப்பிடலை நான். அதாவது வீட்டுல சாப்பிடலை.

மூணாவது நாள் எதிர் வீட்டு மாடியில இருந்து ஒரு அம்மா கேட்டாங்க, "இம்புட்டுப் பொன்னாடையும் உங்களுக்கு வந்ததா சார்?" அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பீரோவுல இருந்தப்ப இதை ஒருத்தரும் பாக்கலையே. உடனே சைக்கிள் கடையில போய் வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொரு பையிலயும் போர்த்தினவர் பேரு, ஊரு, தேதி எழுதினேன். அதுக்கப்புறம் வந்த பொன்னாடையெல்லாம் நேரா அவ தையல் மிஷின் மேல போட்டிருவேன். மறுநாள் பை தயார். சாயங்காலம் பெயிண்ட் காஞ்சிரும். தண்ணி ஊத்துறது அவ வேலை, பேர் எழுதுறது என் வேலை. வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாத்தான் சார் குடும்பம் நடக்கும்.

செடி பூத்தா போர்த்தினவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுவேன். "அண்ணாச்சி, உங்க பொன்னாடை பூ விட்டிருக்கு." வந்து பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, காயைப் பறிச்சுட்டுப் போவாங்க. "வீட்டுக்கு ஒரு வெண்டைக்காய் மிஞ்ச மாட்டேங்குது"ன்னு அவ முணுமுணுத்தா. மரியாதைக்கு வர்ற ஆளுங்ககிட்ட வெண்டைக்காய்க் கணக்கா பாக்கறதுன்னு கேட்டேன்.

தண்ணியா? ரொம்ப நன்றி சார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. நல்ல தண்ணி. என்ன, செடிக்கா குடுத்தீங்க? அட. எனக்குன்னுல்ல நினைச்சேன். மீதி இருக்கு, அப்புறமா ஊத்துவோம். இப்ப ஊத்தினா கசியும், ஜிப்பா இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், அங்கதான் வினை வந்துச்சு. ரைஸ்மில் பெத்துராஜ்னு ஒருத்தர், அவர் போர்த்தின பையில கத்திரிக்காய் கொத்துக் கொத்தாக் காய்ச்சிருக்கு. ஜவுளிக்கடை சுந்தரமகாலிங்கம்னு இன்னொருத்தர், அவர் பையில தண்டுக்கீரை. சங்கரவடிவு கைக்கு வந்த விதையை வந்த பையில போட்டுட்டா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாடிக்கு வந்துட்டாங்க. சுந்தரமகாலிங்கம் தன் பேரைப் படிச்சாரு, கீரையைப் பாத்தாரு. அடுத்துப் பெத்துராஜ் பேரைப் படிச்சாரு, கத்திரிக்காயைப் பாத்தாரு. "ஏன் கூத்தபெருமாள், அவருக்குக் காய், எனக்குக் கீரையா? ஊரு பூரா போர்த்துற பொன்னாடை என் கடையில வாங்கினது"ன்னாரு. நான் கீரையில இரும்புச்சத்து இருக்குன்னு சொல்லிப் பாத்தேன். பெத்துராஜ் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டாரு. போச்சு.

சுந்தரமகாலிங்கம்தான் எங்க தெருக் கோயில் பட்டிமன்றத்துக்கு வருஷா வருஷம் மேடை போட்டுத் தர்றவரு. அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா அடுத்த வருஷம் நான் கீழ உக்காந்து கேக்கணும். அதனால ஒரு யோசனை பண்ணினேன். மாடியிலயே ஒரு பட்டிமன்றம். 'மண்ணுக்குப் பெருமை சேர்ப்பது காயா? கீரையா?' நடுவர் நான். சிறப்பு விருந்தினர் சுந்தரமகாலிங்கம். தீர்ப்பு கீரைக்குத்தான்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டேன்.

சங்கரவடிவு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "என்னமும் பண்ணுங்க. தண்ணித் தொட்டிப் பக்கத்துல இருக்கற அந்தப் பச்சைப் பையை மட்டும் தொடாதீங்க." அதுல இந்தக் கத்திரிதான் நின்னுச்சு. இடுப்பு உசரம், ஊதாக் காய், மொத்த மாடியிலயும் அதுதான் ராஜா. அதுல மட்டும் பேர் இல்லை. நான் எழுதப் போனப்பெல்லாம் "அது இருக்கட்டும்"னு சொல்லித் தடுத்துருவா. யார் போர்த்தினதுன்னு எனக்கும் பிடிபடலை. சரின்னு விட்டுட்டேன்.

நாப்பது பேர் வந்தாங்க சார் மாடிக்கு. இன்னைக்கும் தெருவுல அதைத்தான் பேசிக்கிறாங்க. காய் அணியில ஒருத்தர் பேசுற வேகத்துல தக்காளிப் பை மேல ஏறி நின்னுட்டாரு. கீரை அணி உதாரணத்துக்குன்னு கீரையைப் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டிச்சு. நான் தீர்ப்பை ஒரு மணி நேரம் சொன்னேன். முடிச்சதும் மைக்குல, "இப்பொழுது நமது சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பிக்கிறோம்"னு அறிவிச்சுட்டேன். வாய் பழக்கம். அறிவிச்ச பிறகுதான் உறைச்சுது. வீட்டுல பொன்னாடை ஒண்ணு கூட இல்லை. இருநூத்திப் பதினாலுல ஒண்ணு விடாம மண்ணை ரொப்பி வச்சிருக்கு, இல்லைன்னா வெட்டிப் போட்டுருக்கு.

கூட்டம் பாக்குது. அவரு எந்திரிச்சு, தோளைக் குனிஞ்சு காட்டிக்கிட்டு நிக்குறாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? பேர் எழுதாத பை ஒண்ணுதான் என் கண்ணுல பட்டுது. பிரஷ்ஷை எடுத்தேன், 'சுந்தரமகாலிங்கம் அவர்களுக்கு'ன்னு போட்டேன், ரெண்டு பேரைத் தூக்கச் சொன்னேன். தூக்கி அவர் தோள்ல வச்சாங்க. போட்டோக்காரன் இந்தப் பக்கம் பாருங்கன்னான். மண்ணு சட்டைக்குள்ள போகுது, மனுஷன் அசையலையே. மரியாதைன்னா மரியாதை.

அப்பத்தான் சங்கரவடிவு காப்பித் தட்டோட மேல வந்தா. பாத்தா. நாப்பது பேருக்கும் காப்பி குடுத்தா. கீழ போய் தம்ளரெல்லாம் கழுவிக் கவுத்தினா. அவ பேசாம இருந்ததைப் பாத்து, சரி, விழா நல்லபடியா நடந்ததுல அவளுக்கும் சந்தோஷம் போலன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்னா. போய்ட்டு வான்னேன். மத்தியானம் சட்டைப் பட்டன் தைக்கலாம்னு பாத்தா, தையல் மிஷினைக் காணோம். நாலு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போறவ தையல் மிஷினையா சார் தூக்கிட்டுப் போவா? உடனே போனை எடுத்தேன்.

போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா. கத்திரிச் செடி போனதுக்குத்தான் கோவம்னு நினைச்சு, ரெண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கி பஸ்ஸுல குடுத்து விட்டேன். அவ தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. "கத்திரிக்காய் நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, நேத்து எண்ணெய்க் கத்திரிக்காய் வச்சோம். ஆனா மதினி காயைக் கேக்கலையாம். அந்தப் பையைத்தான் கேக்குறாக." பையைன்னா? அது இல்லாம வீட்டுப் படி ஏற மாட்டாளாம்.

சரின்னு ஜவுளிக்கடைக்குப் போனேன். பையைக் கல்லாவுக்குப் பின்னால, சாமி படத்துக்குக் கீழ, டியூப் லைட் வெளிச்சத்துல வச்சிருக்காரு. வெயில் இல்லை, தண்ணியும் அளந்துதான். இலையெல்லாம் கொட்டிப் போச்சு. திருப்பிக் குடுங்கன்னேன். "போர்த்தின பொன்னாடையைத் திருப்பிக் கேக்குற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்"னாரு. அதுவும் நியாயந்தான். கடைசியில அவர் கடையிலேயே ஒரு பொன்னாடை எடுத்து, அவர் கடை வாசல்லயே அவருக்குப் போர்த்தி, ரெண்டு வார்த்தை பேசி, இதை வாங்கிட்டு வாரேன். ரெண்டு வார்த்தைன்னா ஒரு முக்கால் மணி நேரம்.

இப்ப இதுல ஆறு இலையும் ஒரு பிஞ்சும்தான் மிச்சம். ஆனா என் கவலை அது இல்லை சார். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு ஞாபகம் தப்பிக்கிட்டு வருதோன்னு பயமா இருக்கு. இருநூத்திப் பதினாலும் மனப்பாடம். இந்தப் பச்சை எந்த ஊர்ல, யார் போர்த்தினதுன்னு வரவே மாட்டேங்குது. நேத்து மண்ணு கொஞ்சம் கீழ இறங்கினதுல உள்பக்கம் அச்சடிச்ச எழுத்து தெரிஞ்சுது. இங்க பாருங்க, ஓரத்துல. 'முதல் பரிசு'. கீழ தேதி, செப்டம்பர் எட்டு. நான் பரிசு குடுக்கற ஆளு சார், வாங்குற ஆளு இல்லை. அதோட செப்டம்பர் எட்டு நான் புளியங்குடியில இருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. 'இல்லத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவது கணவனின் உழைப்பா? மனைவியின் உழைப்பா?' நான் மனைவி அணி. முன் வரிசையில பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. தீர்ப்பு எங்களுக்குத்தான். அன்னைக்கு விழுந்தது ஊதாக் கலர். பச்சை எப்படி வந்துச்சு? ஒரே நாள்ல ஒரு மனுஷன் ரெண்டு ஊர்ல பொன்னாடை வாங்க முடியுமா?

பாத்து சார், மண்ணைத் தள்ளாதீங்க, வேர் இருக்கு. மேல இன்னொரு வரி இருக்கா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியலை, நீங்களே படிங்க.

மாடித் தோட்டப் போட்டின்னா போட்டிருக்கு?

மாடித் தோட்டப் போட்டி, முதல் பரிசு. நான் எங்க சார் மாடித் தோட்டப் போட்டிக்குப் போனேன்? எனக்கு மிளகாய்ச் செடிக்கும் தக்காளிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. சங்கத்துல ஆள் மாத்திக் குடுத்திருப்பாங்களோ.

என்ன?

யாருக்கு வந்ததுன்னு கேக்குறீங்களா?

அவளுக்கா?

இல்லையே சார். வந்திருந்தா சொல்லியிருப்பாளே. ஒரு போட்டிக்குப் போனதா, மேடை ஏறினதா, ஒண்ணும் சொல்லலையே. சொல்லாம இருப்பாளா.

கொஞ்சம் பொறுங்க.

புளியங்குடியில இருந்து நான் சாயங்காலம் பஸ்ஸுல வந்து இறங்கினேன். அது பகல் கூட்டம், கல்லூரியில. ஊதாப் பொன்னாடை தோள்ல. அவ வாசல்லயே நின்னா. நல்ல சேலை கட்டியிருந்தா, எதுக்குன்னு கூட நான் கேக்கலை. கையில பச்சையா ஏதோ மடிச்சு வச்சிருந்தா. "இங்க பாருங்களேன்"னா. நான் இந்த ஊதாவை எடுத்து அதுக்கு மேல போட்டேன். போட்டுட்டு, "ரெண்டையும் மிஷின் மேல வை, பைக்கு ஆகும்"னேன். உள்ள போய் புளியங்குடிக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். மனைவியோட உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியறதில்லைன்னு நான் பேசினதை முழுசா அவகிட்டச் சொன்னேன் சார். அவ உக்காந்து கேட்டா. அப்புறம் எந்திரிச்சுப் போய் மிஷின்ல உக்காந்தா.

எழுத்தை உள்பக்கமா வச்சுத் தச்சிருக்கா பாருங்க.

அதுல போய் நான் அந்தாளு பேரை எழுதியிருக்கேன். உங்ககிட்டக் கத்தி, கித்தி ஏதாச்சும் இருக்கா? சாவி குடுங்க, அது போதும். சுரண்டிப் பாக்குறேன். வரலை. சைக்கிள் பெயிண்ட், வராது. 'சுந்தரமகாலிங்கம் அவர்களுக்கு'. அவர்களுக்கு வேற போட்டுருக்கேன். பேர் நீளமா இருக்கேன்னு கூட அன்னைக்கு விடலை.

அந்தத் தண்ணி மிச்சம் இருக்கா? குடுங்க. கசியட்டும் சார். இந்த இலையைப் பாருங்க, காலையில இருந்து வாடிக்கிட்டு இருக்கு, நான் ஊத்தவே இல்லை. நீங்க செடிக்குன்னு குடுத்ததையும் நான் குடிச்சுட்டேன்.

ஊர் வந்துருச்சா? அதோ, ஸ்டாப்புல நிக்குறா. கூடத் தங்கச்சி. பையோட வீட்டுக்கு வாரேன்னுதான் அவ தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், இவ ஸ்டாப்புக்கே வந்து நிக்குறா. ஜிப்பாப் பையில பாத்தீங்களா, நாலு பக்கம் எழுதி வச்சிருந்தேன் அவகிட்டப் பேச. 'இல்லறமென்னும் நல்லறத்தில்'னு ஆரம்பிக்கும். இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க. இல்லை, வேண்டாம், கிழிச்சுப் போட்டுருங்க.

கொஞ்சம் தூக்கி விடுங்க சார். இந்தப் பக்கமா இல்லை, திருப்பி. பெயிண்ட் இருக்கற பக்கம் என் நெஞ்சோட இருக்கணும். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா அந்தப் பேரு அவ கண்ணுல படாதுல்ல? ஜிப்பாவா? அது கிடக்குது. மண்ணுதானே.

நான் ஒண்ணுமே பேசப் போறதில்லை. அவ பேசட்டும், இல்லை, பேசாமயே இருக்கட்டும். ஆனா பேசாம நிக்கும்போது மனுஷன் கையை எங்க சார் வச்சுக்கிடுவான்? எனக்குப் பழக்கமே இல்லையே.

ஓ, கைதான் பையைப் பிடிச்சிருக்கே. சரி. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, ரெண்டு பேர் இறங்கணும்.